அவரவர் பாட்டிலோடு வரவும்

வெள்ளிக்கிழமை காலை. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டு போகிற நேரம். போன் டிங் என்றது.

கோவிலம்பாக்கத்தில் இருக்கும் என் பழைய ஆபீஸ் நண்பர் சுந்தர். 'மச்சான், ஞாயித்துக்கிழமைக்கு எந்த பிராண்ட் வாங்கட்டும்? சோடா அங்கயே இருக்குமா?'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் போக வேண்டியது கமால் பாய் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு. பாய், பன்னீர் சோடாவுக்கு மேல் எதையும் தொடாத மனிதர். அவர் வீட்டு விசேஷத்துக்கு இந்த ஆள் எதற்கு பிராண்ட் கேட்கிறான்?

போன் போட்டேன். "டேய், காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டியா?"

"நான் எங்கடா ஏத்துனேன்? பாய்தான் மெசேஜ் போட்டிருக்காரு. போய் குரூப்பைப் பாரு."

பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் கமால் பாய் அனுப்பியிருக்கிறார்: 'ஞாயித்துக்கிழமை நம்ம நஸ்ரின் நிச்சயம். எல்லாரும் அவங்கவங்க தண்ணி பாட்டிலோட வந்துடுங்க. ஜாலியா கொண்டாடலாம்!'

முடிவில் ஒரு படம் வேறு. இரண்டு கிளாஸ்கள் முட்டிக்கொள்ளும் படம்!

காபி ஆறிப் போய்விட்டது.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — சேலையூரில் எங்கள் தெருமுனையில் கமால் பாய் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். வாங்குகிற பாத்திரத்தில் பெயர் பொறித்துத் தருவார். எங்கள் வீட்டுக் குக்கர் மூடியில்கூட என் மனைவியின் பெயர்தான் இருக்கிறது. என் பெயர் எதிலும் இல்லை, அது வேறு விஷயம். அவருடைய மகள் நஸ்ரின். நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. பல்லாவரத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது.

அந்தப் பெண் தன் நிச்சயத்துக்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். பட்டு, நகை, ஸ்டேஜ் டெகரேஷன் எதுவும் இல்லை. "அத்தா, சாப்பாட்டு டேபிள்ல பிளாஸ்டிக் பாட்டில் வெக்கக் கூடாது. அவ்ளோதான்."

ஏன் இந்தப் பிடிவாதம்? அதற்குக் காரணம் போன மழை.

போன மழைக்கு எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பாய் கடைக்குள்ளும் புகுந்தது. குடங்களும் அண்டாக்களும் கடைக்குள் மிதந்தன. நல்லவேளை, எவர்சில்வர். கழுவி விற்றுவிடலாம். ஆனால் பின்பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கும் தண்ணீர் போய், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணிமணி எல்லாம் சாக்கடை நாற்றம். நஸ்ரினின் அம்மா அழுதுவிட்டார்.

மழை விட்டதும் மழைநீர் வடிகாலின் மூடியைத் திறந்தார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். நஸ்ரினும் நின்றாள். உள்ளேயிருந்து என்ன வந்தது தெரியுமா? அரை லிட்டர் பாட்டில்கள். அள்ள அள்ள வந்தன. முக்கால்வாசி, தெருவின் மறுகோடியில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் வைக்கிற அதே பாட்டில்கள். அதில் நிறைய பாட்டில்களில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. மூடியை இறுக்கமாக வேறு மூடிவிட்டுப் போட்டிருக்கிறார்கள்!

"அங்கிள், மழைத் தண்ணியை குடிக்கிற தண்ணி தடுத்து நிறுத்தியிருக்கு பாருங்க" என்றாள் நஸ்ரின். சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுடைய பையில் ஒரு ஸ்டீல் பாட்டில். கடைக்காரர் மகள்தானே... பாட்டிலுக்கா பஞ்சம்? பாய்க்கோ உள்ளூர சந்தோஷம். நிச்சயத்துக்கு வருகிற எல்லோருக்கும் ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் பரிசாகக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். மகள் அதையும் தடுத்துவிட்டாள்.

"எல்லார் வூட்லயும் ஏற்கெனவே நாலஞ்சு கிடக்கு அத்தா. ஆபீஸ்ல ஒண்ணு கொடுத்தான், பேங்க்ல ஒண்ணு கொடுத்தான். இருக்கிறதை எடுத்துட்டு வரட்டும். புதுசு எதுக்கு?"

"யாவாரியோட பொண்ணு பேசுற பேச்சா இது?" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார் பாய். ஆனால் மகள் சொன்னதைத் தட்டுகிற ஆள் இல்லை.

ஆகவே வருகிறவர்களிடம் பாட்டில் கொண்டு வரும்படி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? பத்திரிகையில் எழுதுகிறவன் அதே தெருவில் இருக்கும்போது வேறு யாரிடம் போவார்? என்னிடம் வந்தார்.

நானும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்: 'சுற்றுச்சூழல் நலன் கருதி, அன்பர்கள் தத்தம் தண்ணீர்க் குப்பிகளுடன் வருகை தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

பாய் ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். "குப்பின்னா இன்னா சார்?"

"பாட்டில்தான் பாய். நல்ல தமிழ்."

"மருந்து குப்பின்னு நெனச்சுக்குவாங்க சார். சீக்காளியா பார்த்து கூப்புடுறோம்னு கோச்சுக்குவாங்க. நானே கொஞ்சம் ஈஸியா மாத்திப் போட்டுடுறேன்."

மாற்றினார். 'தண்ணீர்' என்பதில் ஒரு 'ர்' விழுந்தது. 'ணீ' குட்டையாகி 'ணி' ஆனது. அவ்வளவுதான். ஒரு பாத்திரக் கடைக்காரர் தன் மகள் நிச்சயத்துக்கு ஊரையே குடிக்கக் கூப்பிட்டுவிட்டார்.

நம் ஊரில் இந்தச் சொல் படுத்துகிற பாடு இருக்கிறதே! தண்ணி லாரி ஓட்டுகிறவர் தண்ணி போட்டுவிட்டு ஓட்டினால் வேலை போய்விடும். ஒரே சொல்தான். ஆனால் தண்ணி லாரி என்றால் குடத்தோடு ஓடுவோம், தண்ணி கேஸ் என்றால் ஒதுங்கி நடப்போம். 'தண்ணி'யோடு 'பாட்டில்' சேர்ந்து, கூடவே 'ஜாலி'யும் சேர்ந்து, கிளாஸ் படமும் சேர்ந்தால்... சுந்தரைக் குறை சொல்லி என்ன பயன்?

அந்தக் கிளாஸ் படத்தைப் பற்றி பாயிடம் கேட்டேன். "ஜூஸுன்னு நெனச்சேன் சார்" என்றார் பாவம்.

சுந்தர் போன்றவர்கள் பிராண்ட் கேட்பதோடு நின்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த மெசேஜ் பல்லாவரத்துக்கும் போயிருந்தது. மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. பெரியத்தாதான் — அப்பாவின் அண்ணன்தான் — எல்லாம். தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். ஹஜ் போய் வந்தவர் என்பதால் எல்லோரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவார்கள். நிச்சயத்தில் அவர் உட்கார்ந்து பேசினால்தான் பேச்சு. அவர் வரவில்லை என்றால் நிச்சயம் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து பாய்க்குப் போன். ஒரே வரி. "இந்த மாதிரி விசேஷத்துக்கெல்லாம் நாங்க வர்றதில்லை." கட்.

பாய் கடையைப் பாதியில் மூடிவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "சார், பேஜாராப் பூடுச்சு. நீங்க கூட வாங்க. நீங்க எழுதுறவரு, நீங்க சொன்னா கேப்பாரு."

நான் எழுதியதைத்தான் ஒருவரும் கேட்கவில்லையே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவருடைய ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன்.

ஹாஜியார் வீட்டில் எங்களை வாசலில் நிறுத்தவில்லை. கோபம் இருந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நாங்கள் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். குடித்தோம். அதற்குப் பிறகுதான் ஹாஜியார் பேசினார்.

"சொல்லுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். வடிகால், அரை லிட்டர் பாட்டில், நஸ்ரின் போட்ட கண்டிஷன், குப்பி, விழுந்த 'ர்'... எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஹாஜியார் தன் போனை எடுத்து அந்த மெசேஜை மறுபடி படித்தார். அவர் மீசை லேசாக ஆடியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சரி. குடிக்கிற தண்ணி. ஒத்துக்கிறேன்" என்றார். பாய் நிம்மதியாக மூச்சு விட்டார்.

விட்டிருக்கக் கூடாது.

"நீங்க ரெண்டு பேரும் உள்ள வந்ததும் நாங்க என்ன செஞ்சோம்?"

"தண்ணி கொடுத்தீங்க" என்றேன்.

"உங்க கையில பாட்டில் இருக்கான்னு கேட்டோமா?"

இல்லை.  யாரும் கேட்கவில்லை.

"பகையாளியே வந்தாலும் மொதல்ல தண்ணி கொடுப்போம். நீங்க சம்பந்தம் பண்ணப்போற வீட்டுக்காரங்களைப் பார்த்து, தண்ணியை நீங்களே தூக்கிட்டு வந்துடுங்கன்னு சொல்லியிருக்கீங்க. சாராயம்னு நெனச்சப்ப கோவம் வந்துச்சு. இப்ப வருத்தமா இருக்கு."

 சுற்றுச்சூழல் பற்றி எனக்குத் தெரிந்த எதுவும் அங்கே உதவவில்லை. அந்த மனிதர் சொன்னதில் என்ன தப்பு? எழுதும்போது எனக்கும் இது தோன்றவில்லை, மாற்றும்போது பாய்க்கும் தோன்றவில்லை.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை ஹாஜியார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

குரோம்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டர் நின்றபோது பாய் திரும்பாமலேயே பேசினார். "ஐம்பது கேஸ் பாட்டில் எறக்கிடுறேன் சார். ஒவ்வொரு தட்டுக்கும் ரெண்டு ரெண்டா வெக்கிறேன். எம் பொண்ணு நிச்சயம் நின்னுச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" ஹெல்மெட்டுக்குள் அவர் அழுதார். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் அவர் தோளைத் தட்டினேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்து நஸ்ரினிடம் நடந்ததைச் சொன்னோம். அழுவாள் என்று நினைத்தேன். இல்லையென்றால் சண்டை போடுவாள். இரண்டும் இல்லை. 

"பெரியத்தா சொல்றது கரெக்ட்தான் அத்தா."

"அப்போ பாட்டில் எறக்கிடட்டுமா?" பாய் போனை எடுத்துவிட்டார்.

"இருங்க. நாம கொண்டாரச் சொல்ல வேண்டியது பாட்டிலை. தண்ணியை இல்லையே."

அவளே டைப் பண்ணினாள். அத்தாவின் குரூப்பிலும் போட்டாள், ஹாஜியாருக்குத் தனியாகவும் அனுப்பினாள்: 'பாட்டில் மட்டும் கொண்டு வாங்க, காலியா. தண்ணி நாங்க கொடுக்கிறோம். பாட்டில் இல்லாதவங்களுக்கு டம்ளர் இருக்கு. — நஸ்ரின்.'

நான் இருபது வருஷமாக எழுதுகிறவன். எனக்கு இந்த 'காலியா' வரவில்லை பாருங்கள்.

பல்லாவரத்திலிருந்து பதில் வரவில்லை. இரண்டு நீலக் கோடு மட்டும் விழுந்தது. படித்துவிட்டார். சனிக்கிழமை முழுக்க பாய் அந்த நீலக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்தவர் இட்லிப் பானை கேட்டால் இடியாப்ப அச்சை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கும் அன்று வேறு வேலை ஓடவில்லை. அதனால் கொஞ்சம் யோசித்தேன்.

வீட்டில் நாம் எப்படி இருக்கிறோம்? கேன் தண்ணீர் போடுகிறார்கள். காலி கேனைக் கொடுத்துவிட்டு நிறைந்த கேனை வாங்கிக்கொள்கிறோம். அதே கேன் திரும்பத் திரும்ப ஊரைச் சுற்றுகிறது. அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் அரை லிட்டர் பாட்டில் தட்டின் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். திறக்கிறோம். இரண்டு மடக்கு. பக்கத்து இலைக்காரர் பாட்டிலும் நம் பாட்டிலும் ஒரே மாதிரி. எது யாருடையது என்ற சந்தேகம் வந்ததும் இன்னொன்றைத் திறக்கிறோம். கை கழுவப் போகும்போது அப்படியே விட்டுவிட்டுப் போகிறோம்.

அப்புறம் அது எங்கே போகிறது? அதிர்ஷ்டம் இருந்தால் யாராவது பொறுக்கி எடைக்குப் போடுவார்கள். இல்லையென்றால் பள்ளிக்கரணையில் குப்பைமேடு. அதுவும் இல்லையென்றால் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் நாரை நிற்கிற சதுப்புநிலம். ரொம்பச் சோம்பேறியான பாட்டில் என்றால் எங்கும் போகாது. எங்கள் தெரு வடிகாலிலேயே படுத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். இரண்டு மடக்குத் தண்ணீருக்காகச் செய்த பொருள்... குடித்தவரின் பேரப்பிள்ளைக்கு நிச்சயம் ஆகும்போதும் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும்.

அதற்காக ஸ்டீல் பாட்டில் ஏதோ புண்ணிய வஸ்து என்றும் நினைக்காதீர்கள். அதுவும் வானத்திலிருந்து விழுவதில்லை. உலையில் உருக்கித்தான் செய்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைவிட அதைச் செய்ய அதிகமாகவே எரிக்க வேண்டும். வருஷக்கணக்கில் அதையே தூக்கிக்கொண்டு திரிந்தால்தான் லாபம். கலருக்கு ஒன்று வாங்கி ஷோகேஸில் அடுக்கினால் நஷ்டம்தான். எங்கள் வீட்டுப் பரணைக் குடைந்தேன். ஏழு பாட்டில். மூன்றுக்கு மூடி இல்லை. என் மனைவி, "இதுக்குத்தான் அந்தப் பொண்ணு புதுசு வேணாம்னுது" என்றாள். ஒன்றைத் தேய்த்துக் கழுவி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. சின்ன மண்டபம்தான். பிரியாணி வாசனை தெருவரைக்கும் வந்தது. சாப்பாட்டு ஹாலில் எவர்சில்வர் டம்ளர்கள், ஜக்குகள். வாசலில் வரவேற்கிற வேலை எனக்கு. வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பாட்டிலோடு வருகிறார்கள். ஆபீஸ் பேர் போட்டது, பள்ளிக்கூடப் பிள்ளையின் கார்ட்டூன் போட்டது, சொட்டை விழுந்தது, கைப்பிடி உடைந்தது. ஒருவர் காலி என்று காட்ட தலைகீழாகப் பிடித்துக்கொண்டே வந்தார். யார் பாட்டில் எது என்ற குழப்பமே இல்லை.

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. பெண்கள் இறங்கினார்கள், மாப்பிள்ளை இறங்கினார், சின்னப் பிள்ளைகள் இறங்கினார்கள். ஹாஜியார் இல்லை.

"பெரியத்தா தனியா கார்ல வர்றேன்னாங்க" என்றார் மாப்பிள்ளை. சொல்லும்போதே அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

பாய் ஜக்கைக் கையில் பிடித்தபடி வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தார். உள்ளே நஸ்ரின் அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரோ மெதுவாக, "என்ன, பெரியவர் வரமாட்டாரா?" என்று கேட்டார்கள். பாய்க்கு அது காதில் விழுந்துவிட்டது. ஜக்கில் தண்ணீர் தளும்பியது.

அப்புறம்தான் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

ஹாஜியார் மெதுவாக இறங்கினார். வெள்ளைச் சட்டை, தொப்பி. வலது கையில் ஒரு பழைய ஸ்டீல் பாட்டில். மேலெல்லாம் கீறல். ஹஜ்ஜுக்குப் போனபோது கொண்டுபோனதாம், பிறகு சொன்னார்கள். நேராக என்னிடம் வந்தார். மூடியைத் திருகித் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"எழுத்தாளரே, மோந்து பாருங்க. அப்புறம் ஒரு பேச்சு வரக்கூடாது."

நான் மோந்து பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் பாட்டிலைக் கவிழ்த்தும் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

பிறகு பாய் பக்கம் திரும்பினார். சிரிப்பு அடங்கியது.

"வெயில்ல வந்திருக்கேன். தண்ணி கொடுங்க சம்பந்தி."

சம்பந்தி! அதுவரை 'கமால் பாய்' என்றுதான் அவர் கூப்பிட்டிருந்தார்.  பாய் ஜக்கைச் சாய்த்து அந்தப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றினார். பாதி ஹாஜியாரின் செருப்பில் விழுந்தது. ஹாஜியார் காலை நகர்த்தவில்லை. நிறைந்ததும் அங்கேயே நின்று மூன்று மடக்கு குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் என்ன வெட்கம்?

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. பந்தி முடியும் வரை பாயும் அவருடைய மச்சானும் ஜக்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தட்டாகப் போய்க் கேட்டுக் கேட்டு ஊற்றினார்கள். அரை லிட்டர் பாட்டில் வைத்திருந்தால் ஒரு ஆளிடமும் முகம் பார்த்துப் பேசியிருக்க மாட்டார்கள். கிளம்பும்போது எல்லோரும் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை நான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன். மண்டபத்துக்குப் பின்னால் பிரியாணி எலும்புக்கு நாய்கள் நின்றன. பாட்டில் ஒன்றுகூட இல்லை.

இனி எந்த விசேஷத்துக்குப் போனாலும் நானும் பாட்டிலோடுதான் போவதாக இருக்கிறேன். நீங்களும் எடுத்துக்கொண்டு போங்கள் — காலியாக.

ஆமாம், சுந்தரும் வந்திருந்தார். சோடாவோடு.